அப்பாவின் கையில் இருந்தது காய்ப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்று சில வாரங்களாக உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதி வருவதைப் படிக்கிறேன். பாட்டன் பூட்டன் காலத்து எண்ணெய் என்கிறார் ஒருவர், அதுதான் எமன் என்கிறார் இன்னொருவர். நான் நுவரெலியா மாவட்டத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எண்ணெயைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் யார் யார், எந்தெந்த வயதில் நெஞ்சு வலியில் போனார்கள்?

என் அப்பா கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கட்டையாக்கும் வேலை. அவருடைய இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளின் மேல் கட்டி கட்டியாக இருக்கும். குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பும் (டொக்டர்கள் தசைநாண் என்பது) தடித்துப் போயிருந்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பு என்று அம்மா சொல்வார். அவர் வேலை முடிந்து வந்து வாசலில் சாய்ந்திருக்கும்போது நானும் அண்ணனும் அந்தக் கட்டிகளை அமுக்கி விளையாடுவோம். வலிக்காது. தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக இருக்கும், விரலை மடக்கினால் கூடவே நகரும். காய்ப்பு என்றால் உள்ளங்கையில்தானே வர வேண்டும், புறங்கையில் ஏன் வந்தது என்று நாங்கள் இருந்த லயத்து வீடுகளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

1996இல் அப்பா மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பாதி வழியில் முடிந்துவிட்டது. வயது 43. பெரியப்பாவும் ஐம்பதைத் தாண்டவில்லை. அப்புறம் 2021இல் அண்ணன், 44 வயதில். ஒல்லியான ஆள், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. இரண்டு நாளாக நெஞ்சு எரிகிறது என்று வாயு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சாவு வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அப்பன் போன வழியில மகனும் போயிட்டான், தலையெழுத்து." மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தார்கள். மற்றவர்களுக்கும் இரத்தம் பாருங்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லப்படாத அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த வருடம் ஆசிரியர்களுக்கு ஒரு மருத்துவ முகாம் நடந்தது. என் கெட்ட கொலஸ்ட்ரோல், அதாவது எல்.டி.எல்., 254 என்று வந்தது. 100க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். அங்கிருந்த இளம் டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றார். குனிந்து என் குதிகால் நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இலேசாகத் தடித்திருந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்டார். காய்ப்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது காய்ப்பு இல்லை டீச்சர், கொலஸ்ட்ரோல் போய்ப் படிந்தது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை தடவை அதை அமுக்கிச் சிரித்திருக்கிறோம்!

இது பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரோல். அவர் எனக்கு விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன். பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்து முடித்த சாக்குகளைத் தூக்கி லொறியில் போட ஆட்கள் வேண்டும். ஈரலில் அப்படி எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆட்களில் பாதிப் பேர் பிறவியிலிருந்தே வேலைக்கு வருவதில்லை. சாக்குகள் தேங்கிப்போய் இரத்தக் குழாய்ச் சுவரில் படிகின்றன. பிறந்த நாளிலிருந்து படிவதால்தான் நாற்பதில் அடைக்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. அப்பா உயிரோடு இருந்த காலம் அது.

தாய் தகப்பனில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. உலகத்தில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர் என்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேல் சனம் இருக்கிறது. அதே கணக்கு இங்கேயும் பொருந்தினால் 2,800 பேர். அவர்களில் எத்தனை பேர் வாயு மாத்திரையோடு இருக்கிறார்களோ!

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அந்தக் கொழுப்பு, ஈரலில் இருக்கிற ஆட்களையும், அதாவது ஏற்பிகளையும், குறைத்துவிடுகிறது. 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு கட்டுரை, சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி கூட்டுகிறது என்கிறது. ஆகவே அதை அமிர்தம் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். அதற்காகப் போத்தலை மாற்றினால் போதும் என்பவர்களோடும் சேர முடியாது. பாம் எண்ணெய்க்கு மாறினால் அதிலும் பாதி நிறைவுற்ற கொழுப்புத்தான். நான் மூன்று மாதம் கட்டுப்பாடாக இருந்தேன். கறிக்கு முதல் பால் விடுவதை நிறுத்தினேன், ரொட்டிக்கு மாஜரின் பூசுவதை விட்டேன், கருவாட்டைப் பொரிக்காமல் குழம்பில் போட்டேன். பாடசாலை வாசலில் விற்கும் வடையை, அதுதான் கஷ்டமாக இருந்தது, கையால் தொடவில்லை. பருப்பும் கீரையும் கூட்டினேன். அவ்வளவுக்கும் பிறகு 254 என்பது 228க்குத்தான் வந்தது.

அப்புறம் மாத்திரை. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தின் வழி வந்த ஸ்டேட்டின்கள். ஈரல் தானாகக் கொலஸ்ட்ரோல் செய்வதை இவை குறைக்கின்றன. அதனால் ஈரல் இரத்தத்திலிருந்து இழுப்பதற்குப் புதிதாக ஆட்களைப் போடுகிறது. இரவில் ஒரு மாத்திரை. இரண்டு மாதத்தில் 118. மாத்திரை போடுகிறோமே என்று வடைக்கும் திரும்பவில்லை. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிறவியிலேயே மாரடைப்பு ஆபத்து அதிகம் உள்ளவர்களும் புகைக்காமல், உடல் எடை பார்த்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, உடற்பயிற்சியோடு இருந்தபோது ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. தலையெழுத்து என்று இதை எப்படிச் சொல்வது?

அண்ணியிடம் பேசி, அண்ணன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிப் போனேன். மகளுக்கு 92, பிரச்சினை இல்லை. மகனுக்கு 12 வயது, 210. அண்ணி முதலில் என்னோடு சண்டை பிடித்தார், ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கு வருத்தம் இருக்கிறது என்கிறாயே என்று. அவருடைய வேதனை எனக்குப் புரிந்தது. இன்று மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவர்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆண் 55க்கு முன்னும் பெண் 65க்கு முன்னும் மாரடைப்பில் இறந்தால், அந்த வீட்டின் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொலஸ்ட்ரோல் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரி ஒரு துண்டு எழுதித் தரட்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த வீட்டின் பெயர் குறித்து வைக்கப்படட்டும். இரத்தம் எடுக்க டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடுகிறது, அதனாலேயே பலர் போவதில்லை. மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துக்கே வந்து இரத்தம் எடுத்தால் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

பெரியப்பாவின் மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். வயது 41. போனில் சொன்னால், "எனக்கு ஒன்னும் இல்ல அக்கா" என்று வைத்துவிடுகிறான். போன தடவை வந்தபோது அவனுடைய கண் இமையோரம் மஞ்சளாகச் சிறு திட்டு இருந்ததைப் பார்த்தேன். அதுவும் கொலஸ்ட்ரோல் படிந்ததாக இருக்குமோ என்று பயம். தீபாவளிக்கு வருவான். வந்த மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பொகவந்தலாவை.