மெடிசின் வார்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பெண்கள் மெடிசின் வார்டுக்குக் காலையில் கேஸ் எடுக்க வந்த இறுதி ஆண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு,

வணக்கம். ஜன்னல் ஓரக் கட்டில், இதயத்தில் மைட்ரல் வால்வுக் கோளாறு. இப்படிச் சொன்னால்தான் உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு ‘அங்கன்வாடி அக்கா’ என்றாலே போதும். அந்த மீதிப் பேருக்காகத்தான் இந்த மடல். மற்றவர்களும் படிக்கலாம், எனக்கு யார் மேலும் கோபமில்லை.

“பெரிய டாக்டருக்கு எழுதாம சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுறியே” என்று வீட்டில் கேட்டார்கள். பெரிய டாக்டருக்கும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பலூன் போட்டு வால்வைத் திறந்துவிட்டவர்களுக்கும் நேரிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். நர்சம்மாக்களுக்கும், எக்கோ எடுக்க என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போன அண்ணனுக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். உங்களுக்கு என்னைப் பார்த்துக்கொள்வது வேலையே இல்லை. படிக்க வந்தவர்கள் நீங்கள். ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

என் நோய் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வயதில் தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் வந்து, அப்புறம் மூட்டு மூட்டாக வீங்கியது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்து விட்டார்கள். வந்தது ருமாட்டிக் காய்ச்சல். ‘மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும்’ என்று உங்கள் வகுப்பில் சொல்வார்களாமே, எனக்கு அந்தக் கடி மைட்ரல் வால்வில் விழுந்தது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வால்வு, எனக்கு ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிட்டது. சத்துமாவுப் பையைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். ராத்திரி படுத்தால் எழுப்பி உட்கார வைத்துவிடும்.

இந்த வால்வின் சத்தம் லேசில் காதுக்கு அகப்படாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு நிறுத்த வேண்டும். ஸ்டெத்தின் ‘பெல்’ என்கிற குழிவான பக்கத்தை இடது மார்புக்குக் கீழே வைக்க வேண்டும். அப்படியென்றால் சேலையை விலக்க வேண்டும், வருகிற ஒவ்வொருவருக்காகவும். நான் ‘நல்ல கேஸ்’ என்று பேசிக்கொள்வீர்கள். நல்ல கேஸாகக் கிடப்பதில் உள்ள கஷ்டம் கிடக்கிறவளுக்குத்தான் தெரியும்.

முன்பு வேறு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே திரை இழுக்க யாருக்கும் தோன்றவில்லை. என் தலைக்கு மேலே இங்கிலீஷ் ஓடியது. ஒரு பையன் பக்கத்தில் நின்றவன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னைப் பற்றி இருக்காது. ஆனால் ரவிக்கை ஊக்கைப் பிடித்தபடி படுத்திருக்கிறவளுக்கு எல்லாச் சிரிப்பும் அவளைப் பற்றித்தான்.

அதனால் உங்கள் கூட்டம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். “முதல்ல அவங்க பேரைக் கேளுங்க” என்று உங்கள் மேடம் சொன்னது காதில் விழுந்தது. கேட்டீர்கள். எனக்கு என்ன செய்யுது என்று கேட்கும் முன்னால் ஊர், வேலை, பிள்ளைகள் எல்லாம் கேட்டீர்கள். கண்ணாடி போட்ட பாப்பா ஒருத்தி அந்த ஓட்டைச் சக்கரத் திரையைக் கிறீச் கிறீச்சென்று இழுத்து வந்து கட்டிலை மறைத்தாள். பிறகு ஸ்டெத்தின் தலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். என்ன செய்கிறாய் என்றேன். “சில்லுன்னு இருக்கும்கா, சூடு பண்றேன்” என்றாள். மார்கழி மாதம் அது.

தேய்த்துக்கொண்டே ஒரு கதையும் சொன்னாள். 1816-ல் பாரீஸில் லென்னெக் என்ற டாக்டரிடம் நெஞ்சு நோயோடு ஒரு இளம்பெண் வந்தாளாம். அந்தக் காலத்தில் டாக்டர் நோயாளியின் மார்பில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். அது அவருக்குக் கூச்சமாகப் பட்டதால் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டாராம். ஸ்டெத்தாஸ்கோப் பிறந்தது அப்படித்தானாம். எனக்கு அன்றைக்கெல்லாம் அந்தக் கதைதான் மனதில் ஓடியது. ஒரு பெண்ணுக்கு மரியாதை கொடுக்கத் தொடங்கிய கருவி, 200 வருஷம் கழித்து என் கட்டிலருகே மறுபடி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அன்று ஐந்து பேர் கேட்க வேண்டியிருந்தது. “முடியலைன்னா சொல்லிருங்கக்கா” என்றீர்கள். மூன்றாவது ஆள் முடித்ததும் மூச்சு முட்டியது, போதும் என்றேன். மிச்சம் இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் நோட்டை மூடினார்கள். அதில் ஒரு தம்பி சாயங்காலம் திரும்ப வந்தான். சத்தம் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து ஒருக்களிக்கப் போனேன். “வேண்டாம்கா, சாப்பிட்டீங்களான்னு பாக்க வந்தேன்” என்றான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரத்தம் கட்டாமல் இருக்கத் தருகிற அசிட்ரோம் மாத்திரைக்கும் கீரைக்கும் என்ன தகராறு என்று விளக்கினான். கீரையை அடியோடு விட வேண்டாம், ஒரு நாள் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு மறுநாள் சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது. அதுவரை முருங்கை மரத்தைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தேன்.

அவன் அரசுப் பள்ளியில் படித்த பையன். 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தவன். அங்கன்வாடியில் சத்துமாவு உருண்டை தின்று வளர்ந்தவன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்திருந்ததா என்று கேட்டேன். “இல்லக்கா” என்றான். நேர்மையான டாக்டராக வருவான்.

அடுத்த கட்டில் பாட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். காது சுத்தமாகக் கேட்காது, துணைக்கும் ஆள் இல்லை. எல்லாரும் அவரிடம் கத்துவார்கள். அவர் ஆமா ஆமா என்று தலையாட்டுவார், ஒன்றும் விளங்கியிருக்காது. உங்களில் ஒரு பெண் ஸ்டெத்தைக் கழற்றிப் பாட்டியின் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையை வாய்க்கருகே வைத்து மெதுவாக, “பாட்டி, எங்க வலிக்குது?” என்றாள். பாட்டி திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மகன் திருப்பூரில் இருப்பது, ஆடு விற்றது, இடுப்பு வலி எல்லாம் வந்தது. வலிக்கிற இடம் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வந்தது. அந்தப் பெண் அதுவரை பொறுத்திருந்து கேட்டாள்.

இதற்கெல்லாம் ‘ஏட்காம்’ என்று ஒரு பாடமே இருக்கிறதாம். 2019-ல் சேர்ந்தவர்களிலிருந்து நடத்தை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் எம்.பி.பி.எஸ்.ஸில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். நல்லது. ஆனால் ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்க்கச் சொல்லி அதில் எழுதியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்களில் இதைச் செய்தவர்களும் உண்டு, செய்யாதவர்களும் உண்டு.

என் அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். அமெரிக்காவில் 2002-லிருந்து ‘கோல்டு ஹியூமனிசம் ஹானர் சொசைட்டி’ என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாள். நோயாளியை மனுஷராக நடத்துகிற மருத்துவ மாணவர் யார் என்று கூடப் படிக்கிறவர்களே பெயர் சொல்வார்களாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேராசிரியர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு, பின்தங்கி நின்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனது யார் என்று கட்டிலில் கிடக்கிறவளுக்குத்தான் தெரியும். நம் கல்லூரிகளில் அப்படி ஒன்று வந்தால் எங்களுக்கும் ஓட்டு வேண்டும். டீன் ஐயா யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள். அதிக மார்க்குக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கிற மேடையில் இதற்கும் ஒரு இடம் இருக்கட்டும்.

உங்கள் பெயர்களை நான் எழுதவில்லை, எழுதினால் விட்டுப்போனவர்கள் வருத்தப்படுவார்கள். திரை இழுத்தவளுக்கும், கீரைத் தம்பிக்கும், பாட்டிக்கு ஸ்டெத் மாட்டியவளுக்கும் தங்களைத் தெரியும்.

பலூன் போட்ட பிறகு சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டதாம். அதனால் உங்கள் பரீட்சைக்கு நான் இனி நல்ல கேஸ் இல்லை, மன்னிக்கவும். ஆனாலும் 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசிக்கு அங்கேதான் வருகிறேன். அடுத்த பேட்சில் யாருக்காவது கேட்டுப் பழக வேண்டுமென்றால் ஓ.பி. வரிசையில் இருப்பேன், வந்து கூப்பிடச் சொல்லுங்கள். முதலில் பேரைக் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜன்னல் ஓரக் கட்டில் அங்கன்வாடி அக்கா
உசிலம்பட்டி பக்கம்