வீட்டுக்கு அனுப்புமுன் இதையும் கற்றுக்கொடுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பியை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்தபோது, சிறுநீர்க் குழாயைப் பராமரிப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் சொல்லி அனுப்பினார்கள். மலம் கழிப்பது பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. இன்றும் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால், முந்தின நாளே அவன் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறான்.

மலக்குடலை இயக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிமுனையிலிருந்து வருகின்றன. அடி அதற்கு மேலே பட்டிருந்தால் ஆசனவாய்த் தசை இறுகியிருக்கும், ஆனால் அனிச்சைச் செயல் மிஞ்சியிருக்கும். ஆகவே காலையில் சூடாகக் காபியோ கஞ்சியோ குடித்து அரை மணி நேரம் கழித்து, கையுறை விரலில் ஜெல்லி தடவி, பிசகோடில் சப்போசிட்டரியை (ஆசனவாய் வழியே வைக்கும் மலமிளக்கி மருந்தை) மலத்துக்குள் செருகிவிடாமல் குடல் சுவரை ஒட்டி வைத்து, சற்றுப் பொறுத்து விரலை மெல்லச் சுழற்றினால் மலம் இறங்கும். அடிமுனையிலேயே பட்டவர்களுக்குத் தசை தளர்ந்து மலம் கசியும். அவர்களுக்கு விரலால்தான் எடுக்க வேண்டும். இரு தரப்பாருக்கும் ஒரே பேதி மருந்தை எழுதிக் கொடுப்பது சிகிச்சை ஆகாது.

ஆறாவது மார்பு முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இறுகிக் கிடக்கும் மலமே ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். தலை பிளப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், மூளையில் ரத்தக் கசிவு வரைகூடப் போகலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் காரணத்தை நீக்க வேண்டும். என் தம்பிக்கு அப்படி வந்த இரவில், மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கச் சொன்னார்கள். அந்த நிலையில் படுக்கவைக்கவே கூடாது.

தாமே தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இலேயே வேலூரில் மறுவாழ்வு மையம் கண்ட மாநிலம் இது. இந்த அறிவு இங்கே இல்லாமல் இல்லை. மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே.

'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரத்தைக் காக்கிறது. அப்படிப் பிழைத்தவர் தண்டுவடம் அடிபட்டவராயின், வீட்டார் ஒருவராவது செவிலியர் முன்னிலையில் மலம் வெளியேற்றும் இந்த முறையைத் தம் கையால் செய்து பழகிய பிறகே அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகக் கையுறை, ஜெல்லி, சப்போசிட்டரி ஆகியவை மாதந்தோறும் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வீடு தேடி வரும் செவிலியர்களுக்கும் இப்பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தண்டுவடம் அடிபட்ட ஒருவரின் அக்கா