தைத்தவர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, ஐரோப்பிய சரித்திரத் தொடர்களின் பெண்கள் உடை பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு விருந்து. ஆனால் கட்டுரையாளர், நாடாவால் இறுக்கிக் கட்டும் உள்கச்சையான கார்செட்டைப் பத்திக்குப் பத்தி திட்டித் தீர்த்திருக்கிறார். எனக்கு வழக்கு அங்கேதான்.

நான் தாராவியில் தையற்கடை வைத்திருப்பவள். 1982 மில் வேலைநிறுத்தத்தில் என் கணவருக்குப் போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அப்போது தையல் மெஷினில் உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லை. இப்போது கல்யாணப் பெண்கள் இந்தத் தொடர்களின் படங்களைக் கைபேசியில் காட்டி, ‘கார்செட் பிளவுஸ்’ கேட்கிறார்கள். பிளாஸ்டிக் பட்டை வைத்து, பக்கவாட்டில் ஜிப் போட்டுத் தைத்துக் கொடுக்கிறேன். முதுகில் குறுக்கும் மறுக்குமாக ஓடும் நாடா வெறும் அலங்காரம். இந்தத் தொழில் புத்தியால், எந்தத் தொடரைப் பார்த்தாலும் என் கண் கதாநாயகியின் முகத்தை விட்டுவிட்டு முதுகைத்தான் பார்க்கிறது.

அந்த முதுகுகள் நிறையப் பொய் சொல்கின்றன. 1813-இல் லண்டனில் நடப்பதாகச் சொல்லும் தொடர் ஒன்றில், தாய் நின்று ஏவ, பணிப்பெண் மகளின் இடுப்பை இறுக்கு இறுக்கென்று இறுக்குகிறாள். எதற்கு? அந்தக் காலத்துக் கவுனில் இடுப்பே தெரியாது. மார்புக்குச் சற்றுக் கீழே ஒரு வரி, அங்கிருந்து தரைவரை விட்டுப் பிடித்த துணி. 1790களின் கடைசியிலிருந்து 1820 வரை மோஸ்தர் அதுதான். உள்கச்சையின் வேலை மார்பைத் தூக்கி நிறுத்துவது மட்டுமே. தவிர, உலோக வளையம் பதித்த நாடாத் துளைகள் 1820களின் கடைசியில்தான் வந்தன. அதுவரை எல்லாம் நூலால் சுற்றித் தைத்த துளைகள், நம் காஜாவைப் போல. காலை முட்டுக் கொடுத்து அதில் நாடாவை இழுத்தால் முதலில் கிழிவது துணிதான். காஜா எடுத்துப் பழகிய எவரும் இதைச் சொல்வார்கள்.

கார்செட்டை வெற்றுடம்பில் அணிவிப்பது இன்னொரு கூத்து. உள்ளே லினன் சட்டை ஒன்று எப்போதும் இருந்தது; வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், துவைப்பதும் அதைத்தான். அதை விட்டுவிட்டுக் கார்செட் தோலை அறுக்கிறது என்று நடிகைகள் பேட்டியில் புலம்பினால் யார் குற்றம்?

இடை சிறுத்துத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் மற்ற இடங்கள் பெருத்திருந்ததுதான். 1830களில் கையை ஊதிக் காட்ட உள்ளே இறகு அடைத்த திண்டுகளைக் கட்டினார்கள். 1856-இல் பாவாடையை விரித்துக் காட்ட உள்ளே அணியும் எஃகு வளையக் கூடு வந்தது. அதுவரை அடுக்கடுக்காகப் பாவாடைகளைச் சுமந்த பெண்களுக்கு அது பாரத்தைக் குறைத்தது என்பதுதான் உண்மை. 1870களிலும் 80களிலும் பாவாடையின் பின்புறம் மட்டும் புடைத்தது. லெஹங்காவுக்கு உள்ளே கேன்கேன் வலையை அடுக்கி இடுப்பை மெலிய வைக்கிறோமே, அதே கணக்கு. கார்செட்டால் ஒருவருக்கும் கேடு வரவில்லை என்று நான் வாதாடவில்லை. மருத்துவர்கள் அன்றே கண்டித்தார்கள். ஆனால் பெண்ணின் அடிமைத்தனத்தைக் காட்ட ஒரு நாடாவை இழுத்துவிட்டால் போதும் என்று தொடர்காரர்கள் நினைப்பது சோம்பேறித்தனம்.

அதே உடைக்குள் வேறொரு அடிமைத்தனம் இருந்தது. என் கணவர் யூனியன்காரர். எங்கள் வீட்டு அலமாரியில் மார்க்ஸின் ‘மூலதனம்’ உண்டு. வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுப் பெண் வருகிறாள். 1863 ஜூன் மாதம், லண்டனில் அரண்மனை வட்டாரத்துக்கு உடை தைக்கும் கடை ஒன்றில் வேலை. புதிதாக மணமாகி வந்த வேல்ஸ் இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடைகள் தயாராக வேண்டும். மேலும் 60 பெண்களோடு, அறைக்கு 30 பேராக, இடைவெளியே இல்லாமல் 26½ மணி நேரம் தைத்தாள். வெள்ளிக்கிழமை நோயில் படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். நெரிசலான அறையில் நீண்ட நேரம் வேலை செய்ததும், காற்றில்லாத படுக்கையறையும்தான் காரணம் என்று மருத்துவர் விசாரணையில் சாட்சி சொன்னார். கவுனை உடுத்தியவளுக்கு மூச்சு முட்டியதை எத்தனை காட்சிகளில் பார்த்துவிட்டோம். தைத்தவளுக்கு மூச்சு நின்றதை நான் ஒன்றிலும் பார்த்ததில்லை. தொடர்களில் தையற்காரி வந்தாலும், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு வம்பு பேசிவிட்டுப் போகிறாள்.

துணி எங்கிருந்து வந்தது என்பதும் அப்படியே விடுபடுகிறது. நம் சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பு ஏற்றிய பூத்துணிக்கு ஐரோப்பியப் பெண்கள் பித்தாக அலைந்ததால், பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1721-இல் சட்டம் போட்டது. பட்டு பளபளக்கும் காட்சிகளுக்கு நடுவே ஒரு பருத்திக் கவுனையாவது காட்டியிருக்கலாம்.

தொடர் எடுப்பவர்களைக் கேட்க எனக்கு வழியில்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன். அடுத்த முறை அந்தக் கட்டுரையாளரைத் தையல் அறையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். போடுவதற்கு அழகான படம் கிடைக்காது என்றால் படமில்லாமலே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை