கல்கிசையில் கள்ளுக்கடை திறந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உமது கடைக்கு வந்துபோனதிலிருந்து மனதில் இருப்பதை எழுதுகிறேன். நேரில் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுத ஒரு காரணம் உண்டு. கல்கிசையிலிருந்து நீர்கொழும்பு வரை கடற்கரையோரம் கிடுகு வேய்ந்து, "கிராமத்துக் கடை" என்று பலகை மாட்ட இன்னும் பலர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். உமக்குச் சொல்வது அவர்கள் காதிலும் விழட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிளாவில் ஊற்றிக் கொடுக்கிறீர். பனையோலையில் மடித்த அந்தப் பிளாவைக் கொழும்பில் ஒரு கடையில் காண்பேன் என்று நான் நினைத்ததில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் வாயை விட்டுப் போகாத ருசி. நெத்தலிப் பொரியலில் கறிவேப்பிலை வாசம் தூக்கலாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி இரண்டாம் தட்டுக்குச் சொன்னார்கள். சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

ஆனால் பிளாவில் விழுந்தது போத்தல் கள்ளு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போத்தல் கள்ளு கெட்ட பண்டம் என்று நான் சொல்லவில்லை. புளிப்பை நிறுத்துவதற்காகச் சூடாக்கி அடைப்பதால் மாதக்கணக்கில் கிடக்கும், கப்பலேறும், லண்டனில் இருக்கும் சித்தப்பா வாங்கிக் குடித்து ஊரை நினைப்பார். அதற்கு அந்தப் பயன் இருக்கிறது. தென்னை வளரும் கரையில் கடை வைத்திருக்கும் உமக்கு அது எதற்கு?

ஜேர்மனியில் இருந்த காலத்தில் பார்த்த ஊர்ப் பியர் வீடுகள்தான் இந்தக் கடைக்கு வித்து என்று சொன்னீர். பவேரியாவின் ஒபர்ஃபால்ஸ் பகுதியில் 'சொய்கல்' என்று ஒன்று உண்டு. ஊருக்குப் பொதுவான ஒரே இடத்தில் குடும்பங்கள் முறைவைத்துப் பியர் காய்ச்சுகின்றன. காய்ச்சியதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் நிலவறையில் புளிக்கவைத்து, தயாரானதும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். நட்சத்திரம் தொங்கும் வீட்டில்தான் குடிக்கலாம். ஒரு வீட்டின் முறை முடிந்தால் இன்னொரு வீடு திறக்கும். பயணிகள் அதைத் தேடி விண்டிஷெஷன்பாக் போன்ற சின்ன ஊர்களுக்கெல்லாம் போகிறார்கள். நீர் அங்கிருந்து மரவாங்கையும் மங்கல் விளக்கையும் கொண்டுவந்திருக்கிறீர். நான் உமது இடத்தில் இருந்திருந்தால் அந்த நட்சத்திரத்தைக் கொண்டுவந்திருப்பேன். இருக்கும்போது குடி, தீர்ந்தால் வீட்டுக்குப் போ என்ற அந்த ஒழுங்குதான் அவர்களுடைய பியருக்கு மதிப்பைக் கொடுக்கிறது.

எங்கள் கள்ளுக்கு அந்த ஒழுங்கு இன்னும் கடுமையானது. பியருக்கு மாவூறலை, அதாவது முளைவிட்ட பார்லியின் சாற்றைக் கொதிக்கவைக்க வேண்டும், மதுவம் (ஈஸ்ட்) சேர்க்க வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கள்ளோ மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. பாளை விரியாமல் இறுக்கிக் கட்டி, நாட்கணக்கில் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவினால் இனிப்பு நீர் சொட்டும். காற்றிலும் நீரை ஏந்தும் முட்டிப் பானையிலும் இருக்கும் மதுவம் அந்தச் சொட்டு விழுந்த நேரத்திலிருந்தே வேலை செய்யும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பணி. பூசாவிட்டால் காலையில் இறக்கியது உடன்கள்ளு, இனிப்பும் நுரையுமாக இருக்கும். பின்னேரத்தில் அதே முட்டி உறைப்பாகி நாக்கைக் கிள்ளும், மதுசாரம் நூற்றுக்கு 4, 5 என்று ஏறியிருக்கும். அடுத்த நாள் அது வினாகிரியாகும் வழியில் போய்க்கொண்டிருக்கும். காலையில் ஒரு குடி, மாலையில் வேறொரு குடி. இந்த மாற்றத்தைக் காட்ட உம்மிடம் ஒரு கரும்பலகையும் சோக்கும் இருந்தால் போதும்: எந்த ஊர் மரம், எத்தனை மணிக்கு இறக்கியது. அதற்குக் கீழே ஒரு விளக்கை வையும். தீர்ந்ததும் அணைத்துவிடும்.

எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர். கொழும்புக் கோட்டையில் ஏறினால் கரையோர ரயிலில் 30 கிலோமீற்றர் சொச்சம், பாணந்துறை தாண்டினால் வாத்துவை. அங்கிருந்து களுத்துறைப் பக்கம் முழுக்கக் கள்ளுத் தென்னைதான். இலங்கையின் தென்னஞ் சாராயத்துக்குப் பேர்போன பகுதி அது. தலையைத் தூக்கிப் பாரும். மரத்துக்கு மரம் தும்புக் கயிறு இழுத்திருக்கும், மிதிக்க ஒன்று, பிடிக்க ஒன்று. ஒரு மரத்தில் ஏறியவர் கீழே இறங்காமல் கயிற்றின் மேலே நடந்தே ஒரு தோப்பைச் சீவி முடிப்பார். எங்கள் வடக்கில் இந்த வழக்கம் இல்லை. காலில் தளநார் வளையம் போட்டு ஒவ்வொரு பனையாக ஏறி இறங்க வேண்டும், அதுவும் காலையும் மாலையும். இரண்டு முறையையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அந்தக் கயிற்று நடையைப் பார்த்த பயணி அதற்குப் பிறகு குடிக்கும் ஒரு பிளாவை ஆயுளுக்கும் மறக்கமாட்டார். மதுவரித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கள்ளை ஏற்றி இறக்க முடியாது என்பது உமக்கும் தெரியும். உரிமம் எடுத்த உமக்கு அந்தக் கடதாசி வேலை புதிதல்ல.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. பரிமாறும் பொடியன்களுக்குச் சீவல்காரர் வேடம் போட்டிருக்கிறீர். முழங்காலுக்கு மேலே மடித்த சாரம், இடுப்பில் செருகிய பாளைக்கத்தி, தோளில் வெறும் முட்டி. தம்பி, அதைக் கழற்றிவிடும். எங்கள் ஊர்களில் கள்ளைக் குடித்தவர்கள் அதை இறக்கியவரைத் திண்ணையில் ஏறவிடவில்லை. கோயிலுக்குள் விடவில்லை. தேநீர்க்கடையில் அவருக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியார் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. அந்த வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வெள்ளவத்தையிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உமது கடைக்கு வந்து, தன் தாத்தாவின் உடையை ஒருவர் வேடமாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் அவர் நெஞ்சு என்ன பாடுபடும்? உடைக்குப் பதிலாக ஆளையே கூப்பிடும். வாத்துவையில் சீவும் ஒருவரைச் சனிக்கிழமைகளில் விருந்தாளியாக அழைத்து, கதிரை போட்டு முன் மேசையில் இருத்தும். அவர் சிங்களத்தில் பேசட்டும், நீர் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லும். அன்றைய நேரத்துக்குக் கூலியும் கொடும். அவர் கையால் ஊற்றும் கள்ளுக்கு நீர் கேட்கும் விலையை யாரும் பேரம் பேசமாட்டார்கள்.

பெண்களைப் பற்றியும் ஒன்று. 1979இல் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அறிவித்தல் ஒன்று தவறணை (மதுக்கடை) வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கக்கூடாது என்றது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தரவால் தடை திரும்பி வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, எங்கள் தவறணைகளின் வாங்கில் ஒரு பெண் அமர்ந்ததை நான் கண்டதில்லை. கருப்பணி காய்ச்சிப் பனங்கட்டி செய்து அடுப்புப் புகையில் கண் சிவந்தவர்கள் பெண்கள். கள்ளின் ருசி என்னவென்று அவர்களைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். சுற்றுலா ஹொட்டல்களில் ஒரு பெண் கிளாஸைத் தூக்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உமது கடை அந்த வரிசையில் வருவது. அன்றிரவு என்னுடன் வந்த என் தங்கச்சி தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள், உமது பொடியன் அவளுக்குக் கேட்காமலே குளிர்பானப் பட்டியலை நீட்டினான். அவனுக்குச் சொல்லிக்கொடும். இருபத்தொரு வயது நிரம்பிய எவரிடமும் முதலில் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: உடன்கள்ளா, மாலைக்கள்ளா?

கடைசியாகப் போயா தினம், முழுநிலா விடுமுறை. அன்று நீர் கதவைச் சாத்துகிறீர், சட்டப்படி அது சரி. மரம் போயா பார்ப்பதில்லை, அன்றும் சொட்டும், சீவாமல் விட்டால் பாளை கெட்டுவிடும். கடைக்காரர் அன்று வாங்கமாட்டார் என்பதால் நட்டப்படுவது சீவுபவர்தான். அவருடன் பேசி, போயாவுக்கு முதல்நாள் முட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசச் சொல்லும். இறங்கும் இனிப்பு நீரை அன்றே காய்ச்சிப் பாணியாக்கலாம். கள்ளுக்குக் கொடுக்கும் அதே விலைக்கு அதை நீரே வாங்கிக்கொள்ளும். போயாவன்று கதவைத் திறந்து, எருமைத் தயிரும் தென்னம்பாணியும் மட்டும் கொடும். குழந்தைகளுடன் வரும் குடும்பங்கள் அன்றுதான் வருவார்கள். நானும் அன்றே வருகிறேன், பாணியின் பதத்தை எனக்கும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உமது அண்ணன்