ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் கொழுந்தனாரின் ஸ்டென்ட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாரடைப்பையும் தடுக்கக்கூடும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு மறுநாள் காலையிலேயே என் கொழுந்தனார் வந்துவிட்டார். அவருக்கு இதயக் குழாய் அடைபடாமல் இருக்க இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. காபியைக் குடித்து முடித்ததும், "அண்ணி, நீங்க மூட்டு வலிக்குப் போடுறது இந்த மாத்திரைதானே? ஒரு அட்டை கொடுங்களேன், நானும் போட்டுப் பார்க்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தில் பாதிதான் இந்தக் கடிதம்.

எனக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம். இந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போடுகிறேன். அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் 'ஞாயிறு மட்டும்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். கை தவறித் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்க்க அவ்வப்போது ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். 'வாரம் ஒருமுறை' என்ற இரண்டு சொற்கள் உங்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

கட்டுரையில் சொன்ன நம்பிக்கை கற்பனை அல்ல. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவதை மருத்துவர்கள் கவனித்தது உண்மை. ஆனால் வலி குறைந்தவர் எழுந்து நடப்பார், நிம்மதியாகத் தூங்குவார், வலி மாத்திரைகளைக் குறைப்பார். இதயத்தைக் காப்பாற்றியது மருந்தா, அந்த நடையா? வெளியே நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரு பாதிப் பேருக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, யார் எதைச் சாப்பிடுகிறார் என்று அவர்களுக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

அப்படிப் பார்த்தும் ஆகிவிட்டது! பாஸ்டனைச் சேர்ந்த இதய மருத்துவர் பால் ரிட்கர் தலைமையில், அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனத்தின் நிதியில் நடந்த 'சர்ட்' சோதனை அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,786 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், அல்லது இதயக் குழாய்கள் பலவற்றில் அடைப்பு உள்ளவர்கள். அதோடு சர்க்கரை நோயோ வளர்சிதை மாற்றக் கோளாறோ இருந்தவர்கள். வாரம் 15 முதல் 20 மில்லிகிராம், கிட்டத்தட்ட நான் போடும் அளவுதான். 2018 நவம்பரில் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம், அவசரமாக அடைப்பு நீக்க வேண்டிவந்த நெஞ்சுவலி எல்லாம் சேர்த்து, மருந்து எடுத்தவர்களில் 201 பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 207 பேருக்கு. வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். உடம்புக்குள் புகையும் வீக்கத்தை, அதாவது அழற்சியை, இந்த மருந்து தணித்து இதயத்தைக் காக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு; ரத்தத்தில் அதைக் காட்டும் அளவுகளும் குறையவில்லை. மருந்து எடுத்தவர்களுக்குக் கல்லீரல் என்சைம்கள் கூடின, வெள்ளணுக்கள் குறைந்தன, சிலவகைத் தோல் புற்றுநோய்கூடச் சற்று அதிகம். சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

அழற்சியைத் தணித்தால் இதயத்துக்கு நல்லது என்ற எண்ணமே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. அதே ரிட்கர் 2017-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், கனகினுமாப் என்ற ஊசி மருந்து மாரடைப்பைக் குறைத்தது, நுரையீரல் புற்றுநோய் மரணங்களும் குறைவாக இருந்தன. ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்கள் சற்றுக் கூடினார்கள். அதற்கென்று அழற்சி அதிகம் உள்ளவர்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். மெத்தோட்ரெக்சேட் சோதனையில் அப்படி வடிகட்டவில்லை. சரி, இதையெல்லாம் ஒரு கட்டுரையில் எழுத இடம் இல்லை என்றால், அந்த 201, 207 இரண்டையுமாவது போட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில், லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதற்கு எதிராக வேலை செய்யும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கே பிறந்ததுதான். ஞாயிறு மெத்தோட்ரெக்சேட், மற்ற நாளில் ஃபோலிக் அமிலம் என இரண்டையும் போடுகிறவளுக்கு அவர் பேரை ஒரு வரியில் பார்க்க ஆசை இருக்காதா?

"அப்போ உங்களுக்கு மட்டும் ஏன் கொடுக்கிறாங்க அண்ணி?" என்று கொழுந்தனார் மடக்கினார். என் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினேன். இதற்குத்தான், மூட்டுக்கு. நெஞ்சுக்கு இல்லை. அவர் முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனவே அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அந்தச் சோதனையின் முடிவையும் போடுங்கள். நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.