வளையம் கிடைத்தால் வாய்க்காலில் வீசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்காலம் வந்தால் கோடியக்கரையில் பறவைகள் குவிந்துவிட்டன என்று எல்லா நாளிதழ்களும் பூநாரை படம் போடுகின்றன, சந்தோஷம். ஆனால் அங்கே வலை கட்டிப் பறவை பிடித்து, காலில் வளையம் போட்டுப் பறக்கவிடும் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் எங்கள் பக்கத்தில் பலரும் "வாயில்லா ஜீவனை எதற்கு இம்சை பண்ணுகிறார்கள்" என்று கேட்கிறார்கள்.

அது இம்சை இல்லை. மெல்லிய நைலான் வலை இருட்டில் பறவைக்குத் தெரியாது, வந்து மோதியதும் வலை மடிப்பில் தொட்டில் போலக் கிடக்கும். பழகிய கை முதலில் காலை விடுவிக்கும், அப்புறம் இறக்கை, தலை. கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை 20, 30 கிராம்தான் இருக்கும், அதைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கையும் அலகும் அளந்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலைச் சுற்றி இடுக்கியால் மூடுவார்கள். காலில் இறுகாமல் வளையம் சுழல வேண்டும், அதைச் சரிபார்த்த பிறகே விடுவார்கள். அனுமதி இல்லாமல் யாரும் இதைச் செய்ய முடியாது.

டென்மார்க்கில் மார்டென்சன் என்ற ஆசிரியர் 1899-ல் மைனா இனப் பறவைகளுக்கு எண் பொறித்த வளையம் போட்டு ஆரம்பித்த வேலை இது. இங்கே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-லிருந்து பெரிய அளவில் செய்கிறது, அன்று உலக சுகாதார நிறுவனமே உதவியது, பறவைகளோடு நோய்க்கிருமி வருகிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் வளைமூக்கு உள்ளான் நம் உப்பளத்துச் சேற்றில் வந்து மேய்கிறது, எந்த வழியாக வருகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்பதற்கெல்லாம் அந்த எண் ஒரு முக்கிய சாட்சி.

ஆனால் வளையம் போட்டவர்கள் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் ஆகும். அந்தப் பறவையை இன்னொரு இடத்தில் கண்டவர் எண்ணைச் சொன்னால்தானே பலன்? வளையத்தில் இருப்பதோ ஆங்கிலம். செத்த உள்ளான் ஒன்று வளையத்தோடு கிடைத்தால், வனத்துறை கேஸ் போட்டுவிடுமோ என்று பயந்து உப்பள வாய்க்காலில் வீசிவிடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது வயிறு எரிகிறது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த தகவல் அது!

வனத்துறை இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். வளைய எண் சொல்ல வருபவரைக் குற்றவாளியாக நடத்த மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கோடியக்காடு, ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம் போன்ற ஊர்களில் ரேஷன் கடையிலும் மீன் இறங்கும் இடத்திலும் தமிழில் போர்டு வைத்து, ஒரு போன் நம்பரையும் எழுத வேண்டும். உங்கள் நாளிதழும் சீசன் முடியும்வரை ஒரு ஓரத்தில் இதைப் போட்டால் பெரிய உதவி: உயிரோடு சிக்கினால் வளையத்தைக் கழற்றாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள், செத்துக் கிடந்தால் வளையத்தை எடுத்து வையுங்கள், எந்த இடம், எந்தத் தேதி என்று சேர்த்து எழுதுங்கள். காலில் அடையாளத்துக்குப் போட்ட சின்ன பிளாஸ்டிக் கலர் கொடி இருந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேதாரண்யம்