பிரூனியின் மலையும் 16.8 கிலோமீட்டரும்

அன்புள்ள நண்பா,

கண் அறுவைக்குப் பிறகு மறுபடி படிக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே.

பள்ளிக் கண்காட்சிக்கு நீ எழுதிய வாசகங்களைப் பார்த்தேன். பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல் பிரூனி பூமியின் ஆரத்தை 6,339.9 கி.மீ. என்று கணித்தார், பிழை வெறும் 16.8 கி.மீ. என்ற வரியை அப்படியே தொங்கவிடாதே. முழுப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பல இடங்களில் ஒட்டுப்போட்ட எண் அது.

இன்றைய பாகிஸ்தானின் நந்தனா கோட்டையில் அவர் அளந்தது இரண்டே அளவுகள். கீழே இரண்டு இடங்களில் நின்று கோணம் பார்த்து மலையின் உயரம்: சுமார் 652 முழம். உச்சியில் ஏறி, கிடைமட்டத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணம்: 34 நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்), அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். உயரத்தை அந்தக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்து வருவதால் வகுத்தால் ஆரம். அவர் எழுதிவைத்த விடை 1,28,03,337 முழம்.

கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? ஒரு முழம் ஏறக்குறைய 49.5 செ.மீ. என்று நாம் வைத்துக்கொண்டதால். ஒரே ஒரு செ.மீ. கூட்டிப் பார், ஆரம் 128 கி.மீ. ஏறிவிடும். அந்த முழத்தின் நீளமே உறுதியில்லாதபோது 16.8 என்று தசமப் புள்ளி வைப்பது வேடிக்கை. அதுவும் 6,356.7 என்ற துருவ ஆரத்தோடு ஒப்பிட்டதால் வந்தது. சராசரி ஆரமான 6,371-ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் 31 ஆகிறது.

இன்னொன்று. அவர் தந்த அதே உயரத்தையும் கோணத்தையும் கால்குலேட்டரில் போட்டால் 1 கோடியே 33 லட்சம் முழத்துக்கு மேல் வருகிறது. இவ்வளவு சின்னக் கோணத்தில் கொசைன் ஒன்றை ஒட்டியே நிற்கும். கடைசி இலக்கத்தில் சிறிது பிசகினாலும் விடை லட்சக்கணக்கில் ஓடும். கோணத்தில் ஒரு நிமிடம் தவறினால் ஆரம் 6 சதவீதம் மாறும். போதாததற்கு, காற்றில் ஒளி வளைவதால் அந்த உயரத்திலிருந்து அடிவானம் சாதாரணமாக 32 நிமிடத்தை ஒட்டித்தான் தெரிய வேண்டும். அந்த எண்ணைப் போட்டால் ஆரம் பத்து சதவீதத்துக்கு மேல் ஊதிவிடும். சுமார் 64 கி.மீ. தள்ளியுள்ள அடிவானம் பஞ்சாபின் புழுதியில் கூர்மையாகத் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

இதையெல்லாம் வைத்து, 'எல்லாம் கிரேக்கரிடமும் இந்தியரிடமும் வாங்கியதுதானே' என்று உதறுகிறவர்கள் பக்கமும் நான் இல்லை. இந்தக் கணக்குக்கு அடிப்படையான சைன் இந்தியாவிலிருந்து போனது, உண்மை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூனின் ஆட்கள் இன்றைய இராக்கின் சிஞ்சார் சமவெளியில் ஒரு பாகை தூரத்தை நடந்து அளந்த வேலையை, ஒரு மலையும் கோணம் பார்க்கும் ஒரு வளையமும் வைத்து ஒற்றை ஆளாகச் சரிபார்த்தவர் இவர். அவருக்கு வந்தது பாகைக்கு சுமார் 55.9 அரபு மைல், அவர்களுக்கு 56⅔. தன் அளவைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அவர்களின் கருவிகள் நுட்பமானவை என்று அவர்கள் அளவையே ஏற்றார். இந்த மலை முறையை மஃமூன் காலத்து வானியலாளர் சனத் இப்னு அலீ முன்பே செய்ததாகவும் அவரே எழுதுகிறார். எனக்கு மதிப்பு அங்கேதான் கூடுகிறது. பலகையில் முறையையும், 34 நிமிடத்தையும், இந்த ஒப்பீட்டையும் போடு, கிலோமீட்டரை எடுத்துவிடு.

ஒளியியல் அறிஞர் இப்னு அல் ஹைதம் கேமராவைக் கண்டுபிடித்தார் என்ற வரியும் வேண்டாம். துளை வழியே பிம்பம் விழுவது அவருக்கு முன்பே தெரியும். அவருடைய விளக்குச் சோதனையைப் பிள்ளைகள் செய்து காட்டட்டும்: இருட்டறை, சின்னத் துளை, வெளியே வரிசையாக மூன்று மெழுகுவர்த்தி. ஒன்றை மறைத்தால் உள்ளே அதற்கு நேரான ஒளிப்பொட்டு மட்டும் மறையும், மற்ற இரண்டும் கலங்காது. துளை பெரிதானால் பொட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பென்சில் முனை அளவு போதும்.

திருத்திய படியை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒருமுறை அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்